வீட்டுக்காரம்மாவின் தமிழும் என் ஜப்பான் எழுத்தும்

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் அப்பாவின் இருமலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சுகம். நீ சுகமாகத்தான் இருப்பாய், பார்த்துக்கொள்ளத்தான் அங்கே ஜப்பானில் நீ வாடகைக்கு இருக்கும் வீட்டின் வீட்டுக்காரம்மா இருக்கிறாளே. போன ஞாயிறு போனில் அவளைக் காட்டினாய், அவளும் தலையைக் குனிந்து, "அம்மா, சாப்பிட்டாச்சா?" என்று தமிழில் கேட்டாள். ஆறு மாதமாக ஞாயிறுதோறும் அரைமணி நேரம் அவளுக்கு நீ சொல்லிக்கொடுத்த தமிழாம். உன் அப்பா கைதட்டினார். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். போன வருஷம் அந்த ஜப்பான் பாஷையில் நாலு வார்த்தை சொல்லிக்கொடு என்று நான் கேட்டதற்கு, "உனக்கு எதுக்கும்மா அதெல்லாம், எனக்கு நேரமில்ல" என்று போனை வைத்தவள் நீ.

அந்த ரோஷத்தில்தான் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்துவந்து, தையல் கடையில் துணி வெட்டும் மேஜைமேல் வைத்துப் படிக்கிறேன். ஒரு பாஷைக்கு மூன்று வகை எழுத்தாமே. ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னால் சீனாவிலிருந்து இரவல் வாங்கியது கான்ஜி. அதையே சுருக்கி மழுக்கி அவர்கள் செய்துகொண்டது ஹிராகானா, அந்தக் காலத்து அரண்மனைப் பெண்கள் கதையும் கடிதமும் அதில்தான் எழுதினார்களாம். மூன்றாவது கத்தகானா, வெளியிலிருந்து வந்த சொல்லுக்கும் வெளிநாட்டார் பெயருக்கும். உன் பெயரும் அதில்தானாம். எத்தனை வருஷம் இருந்தாலும் எழுத்தில் நீ அசலூர்க்காரிதான் என்று படித்தபோது, சொன்னால் கோபிப்பாய், எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. வினைச்சொல் நம்மைப் போலவே வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, பெரியவர்களிடம் பேச மரியாதைப் பேச்சு தனியாக இருக்கிறது. ஆனால் அந்த ஜப்பான் பாஷை வேறு எந்த பாஷைக்கு உறவு என்று படித்தவர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்களாம்.

வெட்டி எறிந்த துணியில் மை பேனாவால் எழுதிப் பழகினேன். நம் கடையில் பொத்தான் தைக்கிற அக்கா பார்க்காமல் அந்தத் துண்டையே வக்கீலின் கோட்டுக்கு உள்பையாக வைத்துத் தைத்துவிட்டாள். நேற்று அவர் பையை வெளியே இழுத்துக் காட்டி, இதென்ன மந்திரம், யார் எழுதியது என்று நின்றார். உன் பெயரைத்தான் முப்பது தடவை எழுதியிருந்தேன். வேறு பை வைத்துத் தருகிறேன் என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன். உன் அப்பா சிரித்த சிரிப்பில்தான் இருமல் கூடிப்போனது. "பிள்ளைக்கு ஒரு துணை கிடைத்ததற்குப் பொறாமைப்படுகிற ஒரே தாய் நீதான்" என்கிறார் என்னிடம். எனக்கும் தெரியாமல் இல்லை. நீ காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் ஈரத்துணி போட்டவள் அவள். நன்றி சொல்லத்தான் வேண்டும், சொல்லிவிடு. ஆனால் அந்தத் துணியை நான் போட்டிருக்க வேண்டும்.

அதனால் ஞாயிறு அவளுக்கென்றால் புதன்கிழமை எனக்கு. அதே அரைமணி, ஒரு நிமிஷம் குறையக்கூடாது. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், நாலு பேர் மெச்ச நன்றாக இரு.

ஒன்றை மறைக்க மனம் வரவில்லை. ஹிராகானா நாற்பத்தாறு எழுத்தும் எனக்கு மனப்பாடம். ஆனாலும் நீ முதல் எழுத்திலிருந்தே ஆரம்பி. தெரியாதவள் மாதிரித்தான் உட்கார்ந்திருப்பேன், மெதுவாகவே சொல்லிக்கொடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா