அண்ணாத்தே பூட்டாரு

கோவில்பதாகை, ஆவடி
ஞாயிறு

அன்புள்ள ஞானத்துக்கு,

அக்கா எழுதுவது. முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உன் அத்தான் பிழைத்துவிட்டார். வந்தது மாரடைப்புதான், ஆனால் நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய கதையை அம்பத்தூர் ஆஸ்பத்திரியில், ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்துதான் படித்தேன். இதிலும் கடைசிப் பக்கத்தில் மனைவியைச் சாகடித்துவிட்டாய். சோகத்தில்தான் வாழ்க்கையின் அர்த்தம் தெரியும் என்று கூடவே ஒரு விளக்கம் வேறு. எனக்குக் கோபம்தான் வந்தது.

வியாழக்கிழமை காலை அத்தான் கஞ்சிக்கு உப்பு கேட்டார். வாயைக் கட்டாமல்தானே இங்கே வந்து கிடக்கிறீர்கள் என்று சிடுசிடுத்துவிட்டு, குளிக்க வீட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டு எல்லம்மாவைக் காவல் வைத்திருந்தேன். அவளிடமிருந்து போன். "அக்கா, அண்ணாத்தே பூட்டாரு. நீ கஞ்சிகிஞ்சி எதுவும் எடுத்துகினு வராதே" என்றாள். அதோடு போன் கட். திரும்ப அடித்தால் எடுக்கவில்லை.

நம் தென்காசியில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணி 'போயிட்டார்' என்றால் வேறென்ன அர்த்தம்?

ஆட்டோவில் முக்கால் மணி நேரம். நீ சொன்ன அர்த்தம் ஒன்றும் தெரியவில்லை, ஞானம். கேஸ் சிலிண்டர் புக் பண்ணுவது அவர் போனில் ஆயிற்றே என்று நினைத்தேன். ஒரு கல் உப்பு போட்டிருக்கலாமே என்று நினைத்தேன். திரும்பத் திரும்ப இந்த இரண்டும்தான்.

போய்ப் பார்த்தால் கட்டில் காலி, விரிப்புகூட மாற்றியிருந்தார்கள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லம்மா ஓடிவந்து, "இன்னாக்கா அழுவுற? வார்டுக்குத்தான் பூட்டாரு. அங்க சோறு அவங்களே குடுக்கறாங்கோ" என்றாள். வார்டில் அத்தான், மோரில் உப்பில்லை என்று நர்சிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேரையும் திட்டித் தீர்த்தேன். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

இப்போது நன்றாகத் தூங்குகிறேன். ஆனால் இன்று உன் கதையை மறுபடி எடுத்துப் படித்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த அன்று, உன் மனைவி யுவராணியைப் பார்க்க நீயும் இப்படித்தான் ஆட்டோவில் போயிருப்பாய். வார்டுக்குத்தான் போயிருக்கிறாள் என்று சொல்ல உன் எதிரே யாரும் ஓடிவரவில்லை. மூன்று வருஷமாக அது என் மண்டையில் ஏறவில்லை.

கதையில் எத்தனை தடவை வேண்டுமானாலும் அவளைச் சாகவிடு, இனி ஏன் என்று கேட்க மாட்டேன். எழுதி முடித்துவிட்டு நாக்பூரில் தனியாக உட்கார்ந்திருக்காதே. லீவு போட்டுவிட்டு வா. கஞ்சி குடிக்க அத்தானுக்குத் துணை வேண்டுமாம். உனக்கு மட்டும் உப்பு போட்டுத் தருகிறேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அக்கா,
வனஜா