பெடலை அமுக்க ஓர் ஆள்

பிப்ரவரி 9

பாப்பாவின் அப்பாவுக்கு,

நலம் விசாரிக்க இந்தக் கடிதம் இல்லை. போனை நீங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும் சண்டையில்தான் முடிகிறது. அதனால் எழுதுகிறேன்.

பாப்பாவுக்குச் சிறுநீரகம் சுத்தமாகக் கைவிட்டுவிட்டது. வாரத்தில் மூன்று நாள் மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். இறங்கினால் அவளால் நிற்கவே முடிவதில்லை. வாடகை வண்டி கட்டுப்படியாகாது என்று பஸ்ஸில் அழைத்து வருகிறேன். நேற்று இடம் கிடைக்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஓர் அம்மாளின் காலில் வாந்தி எடுத்தாள். அந்த அம்மாள் திட்டியதுகூடப் பெரிதில்லை. பாப்பா "ஸாரி ஆன்ட்டி, ஸாரி ஆன்ட்டி" என்று இறங்கும்வரை சொல்லிக்கொண்டே வந்தாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஷெட்டில் உங்கள் கார் நீங்கள் வெளியூர் வேலைக்குப் போனபோது விட்டபடியே கிடக்கிறது. எஞ்சின் தலை தனியாக, சக்கரங்கள் தனியாக. ஒர்க்‌ஷாப்காரர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். "இதை எடைக்குத்தாம்மா போடணும்" என்று சொல்லிவிட்டு, போட்ட டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். எனக்குக் கணக்குப் பாடம் நடத்தத் தெரியும், கார் ஓட்டவும் தெரியும், ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. எப்படி என்று நீங்கள் எழுதுங்கள், நான் செய்கிறேன்.

பாப்பாவின் அம்மா


பிப்ரவரி 20

அன்புள்ள டீச்சர்,

இப்படிக் கூப்பிட்டதற்குக் கோபப்படாதே, பழைய பழக்கம். உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன், சாப்பாடு ஆறிப்போனது. எடைக்குப் போடச் சொன்னவன் முதலில் கண்ணைக் கழுவிக்கொண்டு வரட்டும். அந்த எஞ்சின் தங்கம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கார்ப் பைத்தியங்கள் எல்லாம் நம் ஷெட்டில் கூடி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போமே! நீதான் டீ போட்டே அலுத்துப்போவாய்.

முதலில் ஒன்று. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகாதே. அலமாரிக்குக் கீழே இரும்பு ஸ்டாண்டுகள் இருக்கின்றன, அதன் மேல் நிறுத்து. அப்புறம் எஞ்சின் தலை. அதற்கு அடியில் வைக்கிற கேஸ்கட் புதிதாகவே சுவரில் தொங்குகிறது. உட்காரும் இடத்தைத் துளி அழுக்கில்லாமல் துடை. போல்ட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாக முடுக்கு. ஒரே மூச்சில் இறுக்காதே. கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றிச் சுற்றி. ஒரு பக்கம் மட்டும் இறுகினால் கோணிக்கொள்ளும், நம்மைப் போல. கடைசி இறுக்கத்துக்கு அளவு காட்டும் ஸ்பேனர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக் கண்ணாடி அண்ணனிடம் இருக்கிறது, கேட்டால் தருவார். படம் வரைந்து வைத்திருக்கிறேன்.

பாப்பாவைக் கேட்டதாகச் சொல்.

உன் மெக்கானிக்


மார்ச் 17

என்னங்க,

தலை உட்கார்ந்துவிட்டது! கண்ணாடி அண்ணன் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு அவரே வந்தார். நான் முடுக்குவதைப் பார்த்துவிட்டு, "உன் வீட்டுக்காரனுக்கு இவ்ளோ பொறுமை கிடையாதும்மா" என்றார். உங்களை யாராவது குறை சொன்னால் எனக்கு இன்னமும் சுருக்கென்கிறது. வெட்கக்கேடுதான், என்ன செய்ய!

பிரேக்கில் அடைத்திருக்கும் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டுமாம். ஒருவர் பெடலை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து மூட. சொல்லிக்கொடுத்துவிட்டு அண்ணன் வேலைக்குப் போய்விட்டார். பெடலுக்கு ஆள் இல்லையே என்று நான் நின்றபோது, "நான் அமுக்குறேன்" என்று பாப்பா வந்தாள். ஊசி குத்தும் கையை மடியில் வைத்துக்கொண்டு, சீட்டின் நுனிக்கு நகர்ந்து, இரண்டு காலாலும் அமுக்கினாள்.

"அமுக்கிட்டேன்!"

"அப்படியே பிடி. விட்டுடாதே."

"பிடிச்சிருக்கேம்மா. சீக்கிரம் திறங்க!"

நிப்பிளில் மாட்டிய குழாயில் குமிழ் குமிழாகக் காற்று வந்தது. கடைசிச் சக்கரம் முடிவதற்குள் அவளுக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. "போதும் கண்ணு" என்றால் கேட்டால்தானே! "பெடல் கல்லு மாதிரி ஆயிடுச்சும்மா. அப்பாவுக்குத் தெரிஞ்சா சந்தோஷத்துல குதிப்பார்" என்று சிரித்தாள். நீங்கள் போனதிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை.

என் நகக்கண்ணில் கிரீஸ் போகவே மாட்டேன் என்கிறது. போர்டில் எழுதும்போது பிள்ளைகள் கணக்கைப் பார்க்காமல் என் விரலைப் பார்க்கிறார்கள். அந்த ஷெட்டிலேயே போய் அடைந்துகிடக்கிறீர்கள் என்று எத்தனை முறை கத்தியிருப்பேன். இப்போது கொஞ்சம் புரிகிறது.

உங்கள் டீச்சர்


ஏப்ரல் 2

என் டீச்சருக்கு,

உன் கடிதத்தை இங்கே பணிமனையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். "பெடல் கல்லு மாதிரி" என்ற இடத்தில் எங்கள் ஃபோர்மன் கைதட்டினார். "என் பொண்ணு சார்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

இனி பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரும் பெட்ரோலைக் கலந்து அனுப்பும் கார்புரேட்டரும்தான் பாக்கி. மாட்டி வை. ஸ்டார்ட் மட்டும் செய்யாதே. அந்த எஞ்சின் முதல்முறை உறுமும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். வந்த பிறகு, திரும்பிப் போகத்தான் வேண்டுமா என்று உட்கார்ந்து பேசுவோம். நான் பேசுகிறேன், நீ திட்டு.

பாப்பாவுக்கும் உனக்கும் முத்தங்கள்.

உன் மெக்கானிக்


ஏப்ரல் 15

என்னங்க,

வாங்க. சீக்கிரம் வாங்க. காருக்காக மட்டும் இல்லை.

நேற்று பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பாப்பாவின் கையில் ஊசி ஏற்ற இடம் கிடைப்பதே கஷ்டமாகிவருகிறதாம். இதயமும் களைத்திருக்கிறதாம். "மாற்றுச் சிறுநீரகம்தாம்மா வழி. உங்களுக்குச் சர்க்கரை இருக்கு, உங்ககிட்டேருந்து எடுக்க முடியாது. அவ அப்பாவுக்கும் அவளுக்கும் ஒரே ரத்த வகைன்னு எழுதியிருக்கே, அவர் எங்கே?" என்று கேட்டார்.

"வந்துக்கிட்டே இருக்கார் டாக்டர்" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

தன் தம்பிக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்த ஒருவரை வராந்தாவிலேயே காட்டினார்கள். பழையபடி லாரி ஓட்டுகிறாராம். நீங்கள் வந்தால் முதலில் டெஸ்ட்தான். சேருமா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

நீங்கள் வேண்டாம் என்றும் பொறுக்காமல் சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டேன். எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. அது கிடக்கட்டும், நீங்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம். என்றைக்கு வருகிறீர்கள்?

உங்கள் டீச்சர்


மே 6

அன்புள்ள டீச்சர்,

சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பொறி வரவில்லை, அல்லது பெட்ரோல் வரவில்லை. ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் ஒயரோடு எஞ்சின் இரும்பில் படும்படி வைத்து, சாவியைத் திருப்பச் சொல்லிப் பார். பொறி நீலமாக இருக்க வேண்டும். இருந்தால், ஒயர்களின் வரிசையைப் பார். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. உன் கணக்குப் புத்தி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மாட்டியிருக்கும்! அதுவும் சரி என்றால் கார்புரேட்டருக்குள் துளை அடைத்திருக்கும். டேங்கில் பழைய பெட்ரோல் கிடந்தால் இறக்கிவிடு, கெட்டுப்போயிருக்கும். கார்புரேட்டரைப் பிரிக்கும் விதத்தைத் தனியாக மூன்று படங்களில் வரைந்திருக்கிறேன்.

இங்கே வேலை நெருக்குகிறது. லீவு கொஞ்சம் தள்ளிப்போகும் போலிருக்கிறது.

உன் மெக்கானிக்


மே 14

என்னங்க,

பொறி நீலமாகத்தான் வருகிறது. ஒயர் வரிசையும் சரி. நான் கேட்டது அது இல்லை.

கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். ஒரு தாள் உள்ளேயே தங்கிவிட்டதோ என்று உறைக்குள் விரலை விட்டுத் துழாவினேன்.

பாப்பாவுக்கு விஷயம் தெரியும். நர்ஸ் பேசியதைக் கேட்டிருக்கிறாள். "அப்பாவோடதை எடுத்தா அவருக்கு வலிக்குமா?" என்றாள். கொஞ்சம் வலிக்கும் என்றேன். "அப்போ நான் பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு அவருக்குக் கதை சொல்றேன்" என்றாள்.

வருகிறேன், அல்லது வரவில்லை. ஒரு வரி போதும்.


ஜூன் 3

டீச்சர்,

எழுதி எழுதிக் கிழித்தேன். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரைக்கும் போனேன். பஸ் கிளம்பிற்று, நான் ஏறவில்லை.

எனக்குப் பயம். எஞ்சினைப் பிரித்தால் எந்த போல்ட் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். என்னைப் பிரித்தால்? என் அண்ணன் ஒரு சின்ன ஆபரேஷனுக்குத்தான் போனான். கையாட்டிக்கொண்டு அந்தக் கதவுக்குள் நடந்து போனவனைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். உனக்கே தெரியும். அந்தக் கதவை என்னால் தாண்ட முடியாது. பிள்ளைக்காகக்கூட முடியவில்லை என்று தெரிந்துகொண்டதிலிருந்து கண்ணாடியில் முகம் பார்ப்பதில்லை.

நீ கேட்ட வரி: வரவில்லை.

வேறு யாராவது கிடைப்பார்கள், சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் பதிந்து வை. கார்புரேட்டருக்கு வேண்டிய புது உதிரிகள் பார்சலில் வரும். மாற்றினால் கட்டாயம் ஸ்டார்ட் ஆகும்.


ஜூன் 21

உங்களுக்கு,

பார்சல் வந்தது. மாற்றினேன். ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஷெட் முழுக்கப் புகை. கண்ணாடி அண்ணன் "சபாஷ்" என்று கத்தினார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அழுகைகூட வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் காரில்தான் போய்வருகிறோம். பாப்பா பின்சீட்டில் படுத்துக்கொள்கிறாள், உட்கார முடிவதில்லை. பதிந்து வைத்திருக்கிறேன். "வரிசை ரொம்ப நீளம்மா, அவளால அவ்வளவு நாள்..." என்று டாக்டர் நிறுத்திக்கொண்டார். மீதியை நானும் கேட்கவில்லை.

அப்பா எப்போது வருவார் என்று தினமும் கேட்டாள். முந்தாநாள் திரும்பி வரும்போது ஒரு பொய் சொன்னேன். "அங்கேயே டெஸ்ட் பண்ணிப் பார்த்தாங்களாம் கண்ணு. அப்பாவோடது உனக்குச் சேரலையாம்."

சிக்னலில் நின்றபோது கண்ணாடியில் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். தூங்கிவிட்டாள் போல என்று நினைத்தேன்.

"பாவம்மா அப்பா. ரொம்ப அழுதிருப்பார்ல?"

"ஆமா."

"பரவாயில்லன்னு எழுதுங்கம்மா. அவர் மேல தப்பு இல்லன்னு எழுதுங்க."

எழுதிவிட்டேன். இது அவள் சொன்னது. நான் சொல்ல ஒன்றும் இல்லை. பதில் போடாதீர்கள்.

அவள் அம்மா