ஒட்டுக்கு மேலே ஒரு விரல்

அக்கா,

"இன்னா டீச்சர், உங்க கை கொஞ்சங்கூட நடுங்கலியே?" என்று ஒருமுறை கேட்டீர்கள். உங்கள் ரோஜாச் செடியை நான் கத்தரியால் கவாத்து செய்துகொண்டிருந்தேன். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள தகர வேலியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பி, ஒரு கண்ணால் மட்டும் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் சிரித்தேனே தவிர, பதில் சொல்லவில்லை.

இன்று காலை அதே கத்தரியை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தேன். துடைக்காத கத்தரி செடியைத் தொடக்கூடாது என்பது நீங்கள் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த சட்டம். அந்த வாசனை ஏறியதும் உங்கள் கேள்வியும் வந்துவிட்டது. இந்த முறை கை நடுங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் உங்கள் வீட்டுக்காரர், "டீச்சர், அவ செடி துளுத்துடுச்சு, வந்து பாருங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். துளிர்த்தது உங்கள் ரோஜாவாக இல்லாமலும் இருக்கலாம்.

அந்தச் செடி இந்த ஊருக்கு வந்ததே உங்கள் மடியில்தான். பெங்களூரில் வாங்கி, வேலை முடிந்து திரும்பும் கூட்டத்தோடு மாரிகுப்பம் ரயிலில் ஏறியிருந்தீர்கள். "செடிக்கும் டிக்கெட் எடுத்தீங்களாம்மா?" என்று யாரோ கேட்க, "அதுக்கு எடுத்தாச்சு, நீங்க எடுத்தீங்களா?" என்று திருப்பிக் கேட்டீர்களாம். கேட்ட ஆளே நம் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷன் வரைக்கும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தாராம்.

முதல் பூ விரிந்தபோது அதன் நிறத்துக்கு ஒரு பெயர் தேடினோம். ஓரத்தில் பாலாடை. உள்ளே போகப் போக ரோஸும் இல்லை, சந்தனமும் இல்லை. நான் பப்பாளி, பீச் என்று என்னென்னவோ ஒப்பிட்டேன். நீங்கள்தான் சரியாகச் சொன்னீர்கள்: "காய்ச்சல் வுட்ட மறுநாள் கொழந்த கன்னம் மாதிரி கீது, டீச்சர்."

தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில், கீழே பாறை வெடித்துத் தரை குலுங்கினால் எல்லோரும் வாசலுக்கு ஓடி வருவோம். எந்த ஷிப்டில் யார் வீட்டு ஆள் இறங்கியிருக்கிறார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். நீங்கள் மட்டும் உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்துவிடுவீர்கள். அண்ணன் சுரங்கத்துக்குள் ஏதோ ஒரு லெவலில் இருந்த நாளிலும் அப்படித்தான் நடந்தீர்கள். நசுங்கிய காலை டாக்டர் வெட்டி எடுக்கும்போது பக்கத்தில் அசையாமல் நின்றவர் என்று உங்களைப் பற்றி ஊரே சொல்லும். அப்படிப்பட்டவருக்கு ஒரு ரோஜாக் கிளையை வெட்டுவதைப் பார்க்க முடியவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"ட்யூட்டில பயப்பட முடியுமா டீச்சர்? அந்தப் பயமெல்லாம் எங்க போவும்? அதான் இங்க வந்து பயந்துக்கறேன்."

ஆகவே ஒவ்வோர் ஐப்பசியிலும் வெட்டுவது என் வேலை, பயப்படுவது உங்கள் வேலை. "பாத்து, பாத்து. அது வேணாம். அதையாவது வுட்டுடுங்க." காய்கறிக் கடையில் பேரம் பேசுவதுபோல ஒரு கிளைக்காக மன்றாடுவீர்கள். தொல்லை தாங்காமல் அதை விடுவேன். அதுதான் முதலில் பூக்கும். நீங்கள் அதை ஒரு மாதம் சொல்லிக்காட்டுவீர்கள்.

நீங்கள் கண்மூடியபின் வந்த ஐப்பசியிலும் கத்தரியை எடுத்தேன். வேலியோரம் யாரும் இல்லை. திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

அண்ணன் அந்தச் செடியருகே ஸ்டூலைப் போட்டு உட்காரத் தொடங்கினார். நீங்கள் இருந்தபோது அதற்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றாதவர். பொங்கல் கழிந்து ஒருநாள் பார்த்தேன், செடியைச் சுற்றி ஒரு கை உயரத்துக்குச் சாம்பல் நிற மணல், சுத்தமாக, வட்டமாக.

"மண்ணு கெட்டியா கீது டீச்சர். மணல் போட்டா வேரு மூச்சு வுடும்."

சயனைடு மேட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார். தங்கத்தை எடுத்தபின் கொட்டிய பாறைத்தூள். வெளியூர்க்காரர்கள் அதைத் தொடவே அஞ்சுவார்கள். நாம் சிறுவயதில் அதில் சறுக்கி விளையாடினோம். அதைக் குழைத்து நம் சுவர்களைப் பூசினோம். அதை மணல் என்று நம்பி ரோஜாவுக்குப் போட இந்த ஊர்க்காரரால்தான் முடியும். அது நனைந்தால் பூச்சுபோல இறுகிவிடும். அதில் இன்னும் என்னவெல்லாம் கலந்திருக்கிறதோ. இலையோரங்கள் கருகின. கிளை நுனிகளில் கருப்பு தொடங்கி, ஒவ்வொரு நாளும் கீழே இறங்கியது.

அது எதுவரை இறங்கலாம் என்பதுதான் என் பயம். வகுப்பில் ஒட்டுச்செடியைப் பற்றிச் சொல்லும்போது ரயிலை உதாரணம் காட்டுவேன். கீழே காட்டு ரோஜாவின் வேர், அது என்ஜின். மேலே நம் ரோஜா, அது பெட்டி. இரண்டையும் கோத்த இடம் ஒட்டு. கருப்பு ஒட்டைத் தாண்டிவிட்டால் பெட்டி போய்விடும். பிறகு வருவது வெறும் என்ஜின்தான். செடி பச்சையாகத்தான் நிற்கும். ஆனால் நம் பூ பூக்காது.

வெயில் ஏறும் காலத்தில் ரோஜாவை ஒட்ட வெட்டக்கூடாது. ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. அண்ணனிடம் போய் உட்கார்ந்தேன்.

"நான் போட்ட மண்ணாலயா?" என்று அவரே கேட்டார்.

"ஆமாங்க அண்ணா. வாங்க, அள்ளிடலாம்."

இருவரும் கையால் அள்ளினோம். கடைசியில் கூடையைத் தூக்கும்போது, "அவகிட்ட இன்னா சொல்றது டீச்சர்?" என்றார். நான் கூடையின் மறுபக்கத்தைப் பிடித்தேன்.

பிறகு கத்தரியை வைத்தேன். முதல் வெட்டில் தண்டின் நடுவில் பழுப்பு, பென்சிலுக்குள் கரிபோல. உயிருள்ள தண்டு சாக்பீஸ்போல வெள்ளையாகத் தெரியும்வரை இறங்க வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் பஞ்சால் துடைத்தேன். மறுபடி பழுப்பு. முழங்கால் உயரம், சாண் உயரம். இனி வெட்ட அதிகம் இல்லை என்ற இடத்தில் என் கை நின்றுவிட்டது.

அப்போது வேலித்தகரம் கிறீச்சிட்டது. அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பி நின்றிருந்தார்.

"பாத்து டீச்சர், பாத்து. அதையாவது வுட்டுடுங்க."

உங்கள் வார்த்தைகள், அக்கா. அவருக்கே தெரியாமல் அவர் வாயில். என் கை அடங்கியது. இத்தனை வருடம் துணிச்சல் என்னுடையது என்று நினைத்திருந்தேன். நீங்கள் எனக்கும் சேர்த்துப் பயந்துகொண்டிருந்ததால்தான் என் கை நிதானமாக இருந்திருக்கிறது. அன்று உங்களுக்குச் சொல்லாத பதில் இதுதான்.

"இதை வுட முடியாதுங்க அண்ணா" என்று சொல்லிவிட்டு வெட்டினேன். வெள்ளை. ஒட்டுக்கு மேலே ஒரு விரல் மிச்சம்.

அதற்குப் பின் மண்ணில் ஒரு முளைக்குச்சி அளவுதான் இருந்தது. அண்ணன் அதற்கு ஓலை நிழல் கட்டினார். பால்காரர், பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கன்னடக்கார அம்மா என எல்லோரிடமும், "வெள்ளையாதான் கீது, வந்துடும்" என்று சொல்லிவைத்தார். அவர் சொல்லச் சொல்ல எனக்குள் கலக்கம் கூடியது.

இன்று காலை துளிர் வந்திருந்தது, மண்ணை ஒட்டி. ஒட்டு இருக்கும் இடமும் மண்ணுக்குள் பாதி மூடிக் கிடந்தது. நான் மண்டியிட்டேன்.

"கத்திரி இன்னாத்துக்கு டீச்சர்?"

"ஒட்டுக்குக் கீழருந்து வந்திருந்தா காட்டுச் செடிங்க அண்ணா. எடுத்துடணும்."

அவர் வேலியைப் பிடித்தார். தகரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு விரலால் மண்ணை ஒதுக்கினேன். முடிச்சுபோல ஒட்டின் மேல்விளிம்பு தெரிந்தது. இன்னும் ஒதுக்கினேன். துளிர் கருஞ்சிவப்பாக, உளுந்தளவில், விளிம்புக்கு மேலே தண்டிலிருந்து கிளம்பியிருந்தது.

"மேலதாங்க அண்ணா."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "அவ இருந்தா, 'நான் வுடச் சொன்னதுதான் துளுத்துச்சு'ன்னு ஒரு மாசம் பேசியிருப்பா" என்றார். நாங்கள் இருவரும் சிரித்தோம். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பூ வரட்டும், வராமல் போகட்டும். இனி ஐப்பசியில் வேலியோரம் நிற்க ஓர் ஆள் இருக்கிறார். கத்தரி என்னிடம் இருக்கிறது, ஸ்பிரிட் புட்டியும். உங்கள் பயத்தைப் பங்கு போட்டு வைத்துக்கொண்டிருக்கிறோம் அக்கா.

இந்த மடலைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். ரோஜாவை வெட்டப் போகும்போது கத்தரியைத் துடைத்துக்கொண்டு, அந்தச் செடிக்காகப் பயப்படுகிற ஒருவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.