அந்த வீட்டை விட்டு வா எண்டு எழுதமாட்டன்

வில் நகர்
கார்த்திகை 1986

அன்பு மகள் செல்வராணிக்கு, இங்கை நானும் அப்பாவும் தம்பியும் சுகமாய் இருக்கிறம், நீயும் அப்பிடியே இருக்கவேணுமெண்டு அம்மாளைக் கும்பிட்டபடிதான் இதை எழுதுறன். அப்பாவுக்கு முழங்கால் நோ குறைவு. தம்பி சந்திரகுமார் இங்கத்தை டொச்சுப் பாசையிலைதான் சண்டை பிடிக்கிறான். நான் அனுப்பின இறால் சம்பலை உங்கடை யூத விடுதிக் குசினிக்குள்ளை கொண்டு போகாதை பிள்ளை, யூத ஆக்கள் இறால் தொடமாட்டினம் எண்டு நீதானே எழுதினாய், எந்தச் சமயப் பிள்ளைக்கும் இடம் குடுக்கிறவை, அவையின்ரை மனம் நோகக்கூடாது.

விடுதிச் சுவரிலை ஆரோ கறுப்பு மையாலை யூத ஆக்களைப் பற்றிக் கூடாததை எழுதினதையும், ரெலிபோன் திருத்த வந்தனெண்டு ஒருத்தன் உள்ளுக்கை வந்து எந்த அறையிலை ஆர் எண்டு விசாரிச்சதையும் பகிடி மாதிரி எழுதியிருக்கிறாய். எனக்கு அது பகிடியாயில்லை. எண்பத்துமூண்டு ஆடிக் கலவரத்துக்கு முதல் எங்கடை வெள்ளவத்தை வீட்டுக்கும் தண்ணி மீற்றர் பாக்கவெண்டு ஒருத்தன் வந்தவன், மேல்வீட்டிலையும் தமிழரோ எண்டு சிரிச்சுக்கொண்டு கேட்டவன், நான் தேத்தண்ணியும் குடுத்தனான். பிறகு கொளுத்த வந்தவங்கள் ஒரு தமிழ் வீட்டையும் தவறவிடேல்லை.

நேற்று மத்தியானம் உன்ரை விடுதிக்கு ஃபோன் எடுத்தன். ஒரு ஆம்பிளை தூக்கினான். உன்ரை பேரைச் சொல்ல, அவ எத்தினையாம் அறை எண்டு என்னையே கேட்டான். வைச்சிட்டன். பிறகு பொறுப்பாயிருக்கிற மடாம் பிளூமைப் பிடிச்சுக் கேட்டால், அந்த நேரம் ஃபோனடியிலை தங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லையாம். பொலிஸ் வந்து வாசலைப் பாத்திட்டுப் போட்டுதாம்.

அப்பா உடனை குளிர்க் கோட்டைப் போட்டிட்டார், உன்னைக் கூட்டிவரவெண்டு. இதை அவற்றை கையிலைதான் தந்துவிடுறன். அவர் வா எண்டுதான் சொல்லுவார். எனக்கும் உன்னை என்னோடை வைச்சிருக்கத்தான் ஆசை. ஆனால் மொறோக்கோப் பிள்ளையையும் பிறேசில்காரியையும் தாய் தேப்பன் கூட்டிக்கொண்டு போட்டினம், இனி யூதப் பிள்ளையளும் நானும்தான் மிச்சம் எண்டு எழுதினாய். வெள்ளவத்தையிலை எங்கடை ஒழுங்கையிலை இருந்த தமிழரில்லாத ஆக்கள் கொளுத்தினதுக்கு முதல் நாளே பெட்டியளோடை வெளிக்கிட்டதை நான் யன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டனான். ஒருத்தரும் எங்கடை முகத்தைப் பாக்கேல்லை. அதைக் கண்ட நான், அந்தப் பிள்ளையளை விட்டிட்டுப் பெட்டி அடுக்கு எண்டு உனக்கு எப்பிடி எழுதிறது? வந்தால் உன்னைக் குறை சொல்லமாட்டன். நிக்கிறனெண்டால் அப்பாவும் அங்கை நிக்கட்டும், மடாம் பிளூம் கீழை ஒரு அறை தாறன் எண்டவ. அதைச் சொல்ல அவர் சவரச் சாமானையும் பையுக்கை வைச்சவர்.

அம்மாள் உன்னையும் அந்த வீட்டுப் பிள்ளையள் எல்லாரையும் காக்கட்டும். றோட்டுப் பக்க யன்னலடியிலை படுக்காதை. சப்பாத்தைக் கட்டிலோடை வைச்சிட்டுப் படு.

உன்ரை அம்மா
தில்லைநாயகி