மரக்கட்டையும் மாதா பாட்டும்

அக்கா, இன்று பெரிய வியாழன். பூசை நடுவில் மணிகளை நிறுத்திவிட்டு, வழக்கம்போல மரக்கட்டையை என் கையில் தந்தார்கள். உயிர்த்த ஞாயிறு வரை கொட்டாஞ்சேனையில் நம் கோயிலுக்கு அதுதான் மணி. டக்கடக்கென்று அடித்தேன். முன் வாங்கில் இருந்தவர்களுக்குப் பல் கூசியது. எனக்கு உங்கள் நினைவு வந்தது.

என் குரலும் இந்தக் கட்டை மாதிரித்தான். நான் மன்னார்க் கரையில் பிறந்தவள். அங்கே காற்றுக்கு மேலே கத்தினால்தான் வள்ளத்தில் நிற்கிறவருக்குக் கேட்கும். என் அம்மா கூப்பிட்டால் கூரையில் இருக்கிற காகமெல்லாம் எழும்பும். அது கிடக்கட்டும், உங்கள் கதைக்கு வருகிறேன்.

என் மனுசனின் செத்த வீட்டில், பெட்டி மூடுமுன் அவருக்குப் பிடித்த மாதா பாட்டைப் பாட வாயைத் திறந்தேன். பாடகர் குழுவை நடத்திய நீங்கள் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினீர்கள்.

"நீர் வாயை மட்டும் அசையும். பாட்டு கெட்டுப்போகுது."

பிறகு ஓர்கன்காரரிடம் இங்கிலீசில் ஏதோ சொன்னீர்கள். 'ஜாரிங்' என்ற சொல் மட்டும் பிடிபட்டது. அவர் சிரித்தார். நான் வாயை அசைத்தேன். பெட்டியை மூடிவிட்டார்கள்.

துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் அந்தச் சொல்லுக்குக் கருத்துக் கேட்டேன்.

"காதைக் கிழிக்கிற சத்தம். நரம்பில அராவுறதுக்கும் அதைத்தான் சொல்லுறது. ஒண்டோட ஒண்டு ஒத்துவராட்டியும் அதுதான். ஏன் கேக்கிறீங்க?"

"சும்மாதான்."

அடுத்த பெரிய வியாழன் நீங்களே இந்தக் கட்டையைத் தந்தீர்கள். "சத்தம் போட ஆசையெண்டால் இதை அடியும். உமக்கெண்டே செய்த சாமான்." குழு முழுக்கச் சிரித்தது.

பிறகு குழு கனடா, லண்டன் என்று போனது. உங்கள் பிள்ளைகளும் போனார்கள். வெள்ளவத்தை ஃபிளாட்டில் நீங்கள் படுக்கையில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தவள் நான் ஒருத்திதான். ஒருநாள் என் கையைப் பிடித்தீர்கள்.

"அந்த மாதா பாட்டை ஒருக்காப் பாடும். குரல் எப்பிடியெண்டாலும் பரவாயில்லை."

கட்டிலோரம் இருந்து, தொடக்கத்திலிருந்து முடிவு வரை வாயை மட்டும் அசைத்தேன். ஒரு சொல் விடவில்லை. நீங்கள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"எனக்குக் காதும் போயிட்டுது போல," என்றீர்கள். கண்ணீர் தலையணைக்கு வழிந்தது. துடைத்துவிட்டேன்.

அப்போது கடற்கரைப் பக்கம் தெஹிவளைக்குப் போகிற ரயில் ஊதியது. சத்தம் வந்த யன்னல் பக்கம் திரும்பினீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். அதன் பிறகு, கண்மூடும்வரை, நீங்கள் என் கஞ்சியைக் குடிக்கவில்லை.

கட்டையை இன்னும் நான்தான் அடிக்கிறேன், அக்கா. பாட்டுத் தொண்டையிலேயே கிடக்கிறது. அதை ஒருவருக்கும் கொடுப்பதாக இல்லை.