குளிசையைப் பற்றி அவரிட்டச் சொன்னன்

என்ர செல்ல அக்கா,

எனக்குக் கலியாணம் பேசியிருக்கினம். உனக்கு இதை வேற ஆர் சொல்லப் போகினம்? பெயர் ரவீந்திரன். கொட்டாஞ்சேனையில இருக்கிறார், கப்பல் கொம்பனி ஒண்டில வேலை. மெல்லமாத்தான் கதைப்பார்.

நீ வேலைக்குப் போன பஸ்ஸில குண்டு வெடிச்ச பிறகு என்னால பஸ் ஏற முடியேல்லை. பஸ் ஹோல்டில நிண்டாலே மூச்சு அடைக்கும். பிறகு வீட்டுக்குள்ள இருக்கேக்கயும் வரத் தொடங்கிட்டுது. டொக்டர் பதட்டத்துக்கெண்டு குளிசை தந்தவர். இப்ப வேலைக்குப் போறன், சாப்பிடுறன், நித்திரை கொள்ளுறன். சந்தோசம், துக்கம் எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாத்தான் வருது. அது குளிசையாலயோ, நீ இல்லாததாலயோ?

"கலியாணம் முடியட்டும், பிறகு ஆறுதலாச் சொல்லலாம். இப்ப சொன்னால் விசர் பிடிச்சவள் எண்டு கதை கட்டுவினம்" எண்டா அம்மா. அவவை நான் குறை சொல்லேல்லை. ஒரு பிள்ளையைப் பறிகுடுத்தவ, மற்றதையாவது ஒரு இடத்தில பத்திரமாச் சேர்க்கப் பார்க்கிறா.

போன ஞாயிறு பின்னேரம் அவர் வெள்ளவத்தைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழியில ஆக்களைச் சோதிக்கிற சென்ரியில நிண்ட ஆமிக்காரி என்ர பையைக் கிண்டினாள். குளிசைப் பெட்டியைத் தூக்கி, "மேவா மொனவாத?" எண்டாள், இதெல்லாம் என்னெண்டு. "பெஹெத்" எண்டு, மருந்தெண்டு சொன்னன். எதுக்கு எண்டாள். பயத்துக்கு எண்டு சிங்களத்தில சொன்னன். என்னை ஒருக்காப் பார்த்திட்டுத் திருப்பித் தந்தாள். அவருக்கு என்னைவிட நல்லாச் சிங்களம் தெரியும். ஆனால் அவர் ஒண்டும் கேக்கேல்லை.

கடற்கரைக் கல்லில இருந்த பிறகு நானே சொன்னன். எப்ப தொடங்கினது, ஏன் தொடங்கினது, எவ்வளவு காலத்துக்கு எண்டு டொக்டருக்கே தெரியாது எண்டது, எல்லாம். குரல் நடுங்கேல்லை. வேற ஆற்றையோ கதையைச் சொல்லுற மாதிரி இருந்தது.

அவர் என்ர பக்கம் திரும்பினார்.

"நான் குளிசையை நிப்பாட்டச் சொன்னால் என்ன செய்வீங்கள்?"

"கலியாணத்தை நிப்பாட்டுவன்."

எங்களுக்குப் பின்னால ரயில் ஒண்டு போச்சுது. அந்தச் சத்தம் அடங்கினாப் பிறகுதான், "அப்ப நிப்பாட்ட வேண்டாம்" எண்டார்.

"எதை?"

"ரெண்டையும்." பிறகு, "எனக்கும் பயமாத்தான் இருக்கு. இதைப்பற்றி ஒண்டும் தெரியாது. அடுத்தமுறை டொக்டரிட்ட நானும் வரட்டோ?" எண்டு கேட்டார்.

ஓம் எண்டன்.

அவ்வளவுதான் அக்கா. நான் துள்ளியிருக்க வேணும், இல்லையோ? அவர் கச்சான் கடலை வாங்கித் தந்தார். உப்புக் கூடிப்போச்சு எண்டு மட்டும்தான் எனக்குப் பட்டது. வீட்ட வந்து நடந்ததை அம்மாவிட்டச் சொன்னன். அவ எழும்பிப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "அவர் சாப்பிட்டவரே?" எண்டு கேட்டா.

உன்ர செத்தவீட்டில நான் அழேல்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்தவை. அழுகை இன்னும் வரேல்லை. மணவறையில வருமோ, பிள்ளை ஒண்டு பிறக்கேக்க வருமோ, தெரியாது. எப்ப வந்தாலும் வாயைப் பொத்தமாட்டன். ஆர் பக்கத்தில இருந்தாலும், உன்ர பேரைச் சொல்லித்தான் அழுவன். இது சத்தியம்.

ஒரே கட்டிலில உனக்கு மேல காலைப் போட்டுப் படுத்த
உன்ர தங்கச்சி,
கௌரி