எரு மூட்டையில் நான் கண்டது

ஏப்ரல் 6, திங்கள்

நான் அப்போதே சொன்னேன். முதலில் தக்காளி போகும், அதன் பின்னாலேயே கத்தரி போகும், பீன்ஸ் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுப் போகும் என்று வரிசையாகச் சொன்னேன். அதே வரிசையில் போயிற்று. இன்று காலை பின்பக்கம் போய்ப் பார்த்தால் இலையெல்லாம் இஸ்திரிப் பெட்டி சுட்ட சட்டை மாதிரி ஓரம் கருகித் தொங்குகிறது.

"யார்கிட்ட சொன்னீங்க?" என்று மனைவி கேட்டாள். மனசுக்குள் சொன்னேன். சொன்னது சொன்னதுதானே?

படிப்பு எனக்கு எட்டாம் வகுப்புதான், அதிலும் கடைசிப் பரீட்சை எழுதவில்லை. ஆனால் ரிட்டயர் ஆகும்வரை பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டியவன். ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளும்போதே ஆள் பிழைப்பானா மாட்டானா என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். தலைமை சர்ஜனே என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மூன்றாவது மாடி வருவதற்குள் பதில் சொல்லி அனுப்புவேன். அப்படிப்பட்டவனுக்குத் தக்காளிச் செடியின் ஆயுள் தெரியாதா?

போன மாதம் மாப்பிள்ளை எரு கொண்டுவந்தார். பால்பண்ணையில் கணக்கு எழுதுகிற மனிதர். இஸ்திரி போட்ட சட்டையோடு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார், எல்லாம் அத்தைக்காக. "பச்சை எரு மாமா. கொஞ்ச நாள் ஆறப் போட்டுட்டு அப்புறமா போடுங்க" என்றார். எனக்குப் பாடம்! அன்று சாயங்காலமே ஒவ்வொரு செடிக்கும் கழுத்துவரை கொட்டினேன். ராஜ உபசாரம்.

ஏப்ரல் 7, செவ்வாய்

பக்கத்து வீட்டு டெய்லர் மதில்மேல் எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணே, தோட்டம் இழவு வீடு மாதிரி கெடக்கு? என்னத்தைப் போட்டுத் தொலைச்சீங்க?"

அந்தக் கேள்வியின் தோரணையே எனக்குப் பிடிக்கவில்லை.

"நான் என்ன போட்டேன்? மூட்டையில என்ன வந்துச்சுன்னு கேளுங்க" என்றேன். பிரிக்கும்போதே பார்த்தேன், அடியில் வெள்ளையாகப் பொடி. உப்பு இல்லை, உப்புக்கு ஒரு மினுமினுப்பு உண்டு. இது செத்த வெள்ளை. கிட்டே போனாலே மூக்கில் சுருக்கென்று ஏறியது. ஆஸ்பத்திரி வாடையில் ஊறிய மூக்கு, அதையே சுருக்கென்று பிடித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நிறம், வாடை ஒன்றும் விடாமல் அவரிடம் சொன்னேன்.

டெய்லர் வாயிலிருந்த குண்டூசியைக் கையில் எடுத்துவிட்டார். "அடப்பாவமே, களைக்கொல்லியா? மாப்பிள்ளையா இப்படி?"

"என் வாயால நான் சொல்ல மாட்டேன்" என்றேன். என்ன கண்ணியம்!

திரும்பினால் காயப்போட்ட போர்வைக்குப் பின்னால் மனைவி. கையில் பிழியாத துணி, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 8, புதன்

"நிஜமாவே பார்த்தீங்களா?"

"என் ரெண்டு கண்ணால."

"அப்ப ஏன் செடிக்குப் போட்டீங்க?"

நல்ல கேள்வி. மாப்பிள்ளை மனம் கோணக் கூடாதே என்று போட்டேன் என்றேன். சொன்ன பிறகு எனக்கே நெஞ்சு அடைத்தது, எவ்வளவு பெரிய மனசு என்று.

அவள் கேரட்டை நறுக்கிக்கொண்டே இருந்தாள். தேவைக்கு மேல் நறுக்கிவிட்டாள். "நான் நினைச்சேன். அவன் இங்க மனசோட வரலைன்னு."

'அவர்' 'அவன்' ஆகிவிட்டது. மகள் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டவர். மனைவி வெகுநாள் அவர் முகத்தில் விழிக்கவில்லை. போன வருஷம் தக்காளி ஏராளமாகக் காய்த்து, கொடுக்க ஆள் இல்லாமல், இவளே ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டு வாசலில் போய் நின்றாள். அதிலிருந்துதான் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. ஞாயிறு வந்தால் அவர்கள் இங்கே, தோட்டத்துக் காய் தட்டில். அந்தப் பேச்சுவார்த்தையை முடித்துவைத்தது நான்தான் என்று தெருவெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

கடைத் தக்காளியில் சூப் வைத்தேன். பிரமாதம். யாரும் சாப்பிடவில்லை.

மாப்பிள்ளை உட்கார்ந்ததும் கேட்டார்: "அத்தை, செடியெல்லாம் எப்படி இருக்கு?"

"நீங்க குடுத்ததைத் தின்னுட்டு எப்படி இருக்கும்?"

கேலி என்று நினைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு தேய்ந்ததை நான் பார்த்திருக்க வேண்டாம்.

"மூட்டையில வெள்ளைப் பொடி. உங்க மாமா கண்ணால பார்த்திருக்கார்."

அவர் என் பக்கம் திரும்பினார். "மாமா?" அவ்வளவுதான் கேட்டார். நான் சூப்பில் உப்பு சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள்தான் விடவில்லை. "அப்பா, சொல்லுப்பா. வழக்கம்போல அளந்துவிட்டதுதானே?"

அளந்துவிட்டதாம்! மாப்பிள்ளை முன்னால், என் வீட்டு மேஜையில்! "பெத்த அப்பனைப் பொய்யன்னு சொல்றியா?" என்று கரண்டியை வைத்தேன். சத்தமாக வைத்துவிட்டேன்.

மாப்பிள்ளை எழுந்து, தன் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தார். "உங்களுக்கு ஒரு கெட்டதும் நான் நினைச்சதில்ல அத்தை." குரல் உயரவில்லை. மகள் செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினாள்.

ஏப்ரல் 15, புதன்

மகள் போனை எடுக்கவில்லை. வேலையாக இருப்பாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

வரவில்லை. மனைவி கைப்பழக்கத்தில் நாலு தட்டு எடுத்தாள். நின்றாள். ரெண்டைத் திரும்ப அடுக்கினாள். நான் ஆஸ்பத்திரிக் கதை ஒன்றை ஆரம்பித்தேன், லிஃப்ட் நடுவில் நின்று, உள்ளேயே பெண் குழந்தை பிறந்த கதை. "போன தடவை அது ஆம்பளப் பிள்ளை" என்றாள்.

மே 3, ஞாயிறு

செடிகளை அவளே பிடுங்கிப் போட்டாள். வேர் எல்லாம் பழுப்பாக வெந்து, தொட்டால் நழுவியது. புது நாற்று வாங்கி வருகிறேன், இந்தத் தடவை பார், பூசணி அளவுக்குத் தக்காளி காய்க்க வைக்கிறேன் என்றேன்.

"யாருக்கு?" என்றாள்.

மே 9, சனி

மகள் பேசினாள். என்னிடம் இல்லை, அம்மாவிடம். மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் வேலையாம். தொலைவு. பஸ் மாறி மாறிப் போக வேண்டுமாம். கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார் போலிருக்கிறது.

"போகட்டும்" என்று போனை வைத்தாள். வைத்த கையை அதிலிருந்து எடுக்கவே இல்லை.

இதையும் நான் எதிர்பார்த்தேன் என்று எழுதலாம். எழுதத் தோன்றவில்லை.

மே 24, ஞாயிறு

நேற்றுப் போய்விட்டார்கள். மகள் வந்து ஒரு நிமிஷம் வாசலில் நின்றாள். மாப்பிள்ளை வண்டியை விட்டு இறங்கவில்லை. மனைவி சமையலறையை விட்டு வரவில்லை. நடுவில் நான், எந்த மாடிக்கும் போகாத லிஃப்ட் மாதிரி.

அவர்கள் போன பிறகு அடுப்படிக்குப் போய் அவளிடம் சொல்லிவிட்டேன். முழுசாக. ஜோடனை இல்லாமல். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

"மக போயிட்டாளேன்னு இப்ப மாத்திப் பேசுறீங்க. கதை கட்ட உங்களுக்குச் சொல்லியா தரணும்? அன்னைக்கு அந்தப் பொடியோட நிறம், வாடை எல்லாம் சொன்னீங்களே. பார்க்காதவருக்கு அது எப்படித் தெரியும்?"

சத்தியம் பண்ணினேன். "இதையும் நாளைக்கு டெய்லர்கிட்ட சொல்லுங்க" என்று அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். பட்டப்பகலில் அவள் படுத்து நான் பார்த்ததே இல்லை.

இன்று காலை மகளுக்குப் போன் போட்டேன். எடுத்தாள். அவளிடமும் சொன்னேன்.

"தெரியும்ப்பா. அன்னைக்கே தெரியும். அவருக்கும் தெரியும்."

"அப்புறம் என்னம்மா? வாங்களேன்."

"நீ சொன்னதுக்காக இல்லப்பா. உன்னை யாரு நம்புவா? அம்மா நம்பினாங்கல்ல... அதான்."

வண்டிச் சத்தம் கேட்டது. பிறகு பேசுகிறேன் என்றாள்.

மனைவி இன்னும் எழுந்திருக்கவில்லை. முட்டை வேகவைத்துத் தலைமாட்டில் வைத்தேன், ஆறிப்போயிற்று. நிஜத்தைச் சொல்ல இனி எனக்கு ஆள் இல்லை. இங்கேதான் எழுத வேண்டும்.

மூட்டையை நான்தான் பிரித்தேன். அடிவரை கைவிட்டு அள்ளினேன். எரு இருந்தது. வெள்ளையாக ஒன்றும் இல்லை.